தள்ளிப்போட்ட ரிப்பேரும் வாராக்கடன்தான்!

பெங்களூர்ல குடியேறுற எந்தத் தமிழனும் முதல் வாரத்துலேயே கத்துக்கிற கன்னடம் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி". பஸ்ல சீட்டு வேணுமா, வாடகை வீட்டுல தண்ணி வரலையா, டிராஃபிக்ல பைக்காரன் கண்ணாடியைத் தட்டிட்டுப் போயிட்டானா, எல்லாத்துக்கும் ஒரே மந்திரம்தான். நல்ல மந்திரம். மனுஷனுக்கு மனுஷன் சொல்லிக்கிட்டா ஊர் அமைதியா இருக்கும். ஆனா இந்த ஊர்ல சரக்கு வண்டி வச்சிருக்கிறவங்க இதை வண்டிகிட்டயும் சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்கு வயிறு கலங்குது. பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணலாம். இல்லாத பிரேக்கை எப்படிங்க அட்ஜஸ்ட் பண்றது?

சொந்த ஊர் விருதுநகர் பக்கம், பிழைப்பு பெங்களூர்ல, வேலை பேங்க்ல. படிச்சது பி.காம். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. அப்புறம் உனக்கு எதுக்குய்யா வண்டி ரிப்பேர் பேச்சுன்னு கேப்பீங்க. சொல்றேன். சின்ன சரக்கு வண்டிக்குக் கடன் கொடுக்கிறதும், அது கட்டாம நின்னா போன் போடுறதும் என் வேலையில ஒரு பாகம். கடன் கெட்டுப்போற கதைகளைக் கேட்டுக் கேட்டு ஒண்ணு புரிஞ்சுபோச்சு. முக்கால்வாசிப் பேர் "சார், வண்டி செட்டுல நிக்குது"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. செட்டுல ஏன் நிக்குதுன்னு தோண்டிப் பார்த்தா, ரெண்டு வருஷமா தள்ளிப்போட்ட ஏதோ ஒரு சின்ன வேலை அடியில கிடக்கும்.

இந்தப் பதிவு மூணு தரப்போட சண்டை போடுறதுக்காக எழுதுறது. ஒண்ணு, "ஓடுற வரைக்கும் ஓடட்டும்"னு சொல்ற ஓனருங்க. ரெண்டு, "பழசைத் தூக்கிப் போடுங்க, புதுசுக்கு லோன் ரெடி"ன்னு சொல்ற ஷோரூம்காரங்க, கூடவே எங்க பேங்க் ஜாதி. மூணு, வருஷத்துக்கு ஒருநாள் எஃப்.சி. காட்டிட்டா வண்டி நல்லா இருக்குன்னு நம்புற ஊர் உலகம்.

முதல்ல வண்டி யாருதுன்னு பார்ப்போம். கே.ஆர். மார்க்கெட், கலாசிபாளையம், யஷ்வந்த்பூர் யார்டு, பீன்யா, எங்க நின்னு பார்த்தாலும் இந்தச் சின்ன வண்டிங்கதான் ஊருக்குச் சோறு போடுது. 2005 மே மாசம் வந்த டாடா ஏஸ், ரெண்டே சிலிண்டர், 702 சிசி டீசல், நம்ம ஆளுங்க "குட்டி யானை"ன்னு பேர் வச்சாங்க. அதுக்கு மேல டாடா 207, மஹிந்திரா பொலேரோ பிக்கப், 2011-ல வந்த, நம்ம ஓசூர்ல தயாரான அசோக் லேலண்ட் தோஸ்த். ராத்திரி ரெண்டு மணிக்கு கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துல இருந்து காய்கறி ஏத்திக்கிட்டு அத்திப்பள்ளி வழியா உள்ள வர்ற வண்டிங்களைப் பாருங்க. நிறைய வண்டிக்குப் பத்து வயசு தாண்டியிருக்கும். மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடினது சர்வசாதாரணம். ஓட்டுறவரே ஓனர். அவர் வீட்டு அரிசி, புள்ளைங்க ஃபீசு, ஊர்ல அம்மாவுக்கு மாத்திரை எல்லாம் அந்த நாலு சக்கரத்து மேலதான் உக்காந்திருக்கு.

இப்ப பேங்க் பாஷையில பேசுறேன், பொறுத்துக்குங்க. கடன் தவணை தேதி தாண்டினா அது ஓவர்டியூ. ரிசர்வ் பேங்க் இதுக்குப் படிக்கட்டு வச்சிருக்கு. 30 நாள் வரைக்கும் பாக்கி நின்னா எஸ்.எம்.ஏ. 0. முப்பதுக்கு மேல அறுபது வரை எஸ்.எம்.ஏ. 1. அறுபதுக்கு மேல தொண்ணூறு வரை எஸ்.எம்.ஏ. 2. தொண்ணூறு தாண்டிருச்சா, என்.பி.ஏ., அதாவது வாராக்கடன். இந்தப் படிக்கட்டு எதுக்கு? கணக்கு ஒரே நாள்ல கெடறதில்லை, படிப்படியாத்தான் கெடும், கெடும்போதே பிடிச்சிடணும், அதுக்குத்தான்.

வண்டியும் அப்படித்தானே? பத்தாயிரம் கிலோமீட்டர்ல மாத்தணும்னு கம்பெனி புத்தகத்துல இருக்கிற எஞ்சின் ஆயிலைப் பன்னிரண்டாயிரத்துல மாத்தினா அது எஸ்.எம்.ஏ. 0. பிரேக் பெடல் முன்னைவிட ஒரு இஞ்ச் கீழ போயும் "அப்புறம் பார்த்துக்கலாம்"னா எஸ்.எம்.ஏ. 1. ரேடியேட்டருக்குத் தினமும் காலையில ஒரு பாட்டில் தண்ணி ஊத்தி ஓட்டுறதெல்லாம் எஸ்.எம்.ஏ. 2. அடுத்த கட்டம் ஹெட் கேஸ்கட் போய் நடுரோட்டுல புகை. அதான் என்.பி.ஏ. பேங்க் கடனுக்காவது நாங்க போன் போட்டு நச்சரிப்போம். வண்டிகிட்ட வாங்கின கடனுக்கு எவனும் போன் போட மாட்டான். அது நேரா ஜப்திக்கு வந்துடும்.

இன்னொரு விஷயம். 2021 நவம்பர்ல ரிசர்வ் பேங்க் ஒண்ணைத் தெளிவா சொன்னாங்க. என்.பி.ஏ. ஆன கணக்குல ஒரு தவணை, ரெண்டு தவணை கட்டிட்டா நல்ல கணக்கு ஆகிடாது, மொத்தப் பாக்கியையும் கட்டினாத்தான் ஆகும்னு. நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? மூணு வருஷம் ஒண்ணும் பார்க்காத வண்டிக்கு ஒருநாள் ஆயிலும் ஃபில்டரும் மாத்திட்டு "சர்வீஸ் பண்ணியாச்சு"ன்னு சொல்லிக்கிறாங்க. ஒரு தவணை கட்டியிருக்கீங்க அண்ணா. மொத்தப் பாக்கி அப்படியே நிக்குது.

சரி, ஏன் தள்ளிப்போடுறாங்க? சோம்பேறித்தனம்னு சொல்றவங்க ஏசி ரூம்ல உக்காந்து சொல்றவங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு லோடு ஏத்துறவனைப் பார்த்து சோம்பேறின்னு சொல்றதுக்கு நாக்கு கூசணும். காரணம் வேற. வண்டி செட்டுல ஒருநாள் நின்னா அன்னிக்கு வருமானம் இல்லை. ரிப்பேர் காசு கையில இருந்து இன்னிக்கே போகுது. ரிப்பேர் பண்ணாததோட நஷ்டம் எப்பவோ வரும். இன்னிக்கு இருக்கிற பசி, எப்பவோ வரப்போற பசியைவிடப் பெருசு. இது எல்லா வீட்டுலயும் இருக்கிற கணக்குதான்.

ஆனா இதுல ஒரு கண்ணி இருக்கு. வண்டிக் கடன் பெரும்பாலும் நாலு அஞ்சு வருஷத்துல முடியும். கடைசித் தவணை கட்டி, என்.ஓ.சி. வாங்க வர்றப்ப முகத்துல ஒரு வெளிச்சம் இருக்கும் பாருங்க, சிலர் ஸ்வீட் பாக்ஸோட வருவாங்க. "இனிமே மாசம் பதினேழாயிரம் மிச்சம் சார்!" அங்கதான் தப்பு ஆரம்பிக்குது. புது வண்டி முதல் அஞ்சு வருஷம் பெருசா ஒண்ணும் கேக்காது. கேக்க ஆரம்பிக்கிறதே அதுக்கப்புறம்தான். கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், ஸ்டியரிங் பாகங்கள், ரேடியேட்டர், ஹோஸ், வயரிங் எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வயசுக்கு வரும். பேங்க் கடன் முடிஞ்ச மாசம்தான் வண்டியோட கடன் ஆரம்பிக்குது. அந்த மாசமே வீட்டுல புது ஃபிரிட்ஜுக்குத் தவணை போட்டுடுவாங்க.

பி.காம். படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும், தேய்மானம் பாடத்துல "சிங்கிங் ஃபண்ட்" முறைன்னு ஒண்ணு. வருஷா வருஷம் தேய்மானத்தை ஏட்டுல மட்டும் எழுதாம, அந்த அளவு பணத்தை வெளிய முதலீடு பண்ணி வைக்கணும், சொத்து தேஞ்சு முடிஞ்சா புதுசு வாங்கப் பணம் ரெடியா இருக்கும். பரீட்சைக்குப் படிச்சோம், மறந்தோம். உண்மையில அது வண்டிக்காரனுக்காகவே எழுதின பாடம். வருமான வரி ஆடிட்டர் வாடகை வண்டிக்கு 30 சதவீதம் தேய்மானம் போட்டுக் கொடுத்துடுவார். அது காகிதம். ஏட்டுல எழுதின தேய்மானத்தை வச்சு ஜே.சி. ரோட்டுல ஒரு வீல் சிலிண்டர்கூட வாங்க முடியாது.

சின்ன ஓனருக்கு இதுல இன்னொரு வம்பு. 1961-ம் வருஷ வருமான வரிச் சட்டத்துல 44ஏஇ பிரிவு, சின்ன சரக்கு வண்டிக்கு மாசம் 7,500 ரூபாய் லாபம்னு வச்சு வரி கட்டினா போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம்னு வழி கொடுத்துச்சு. நல்ல சலுகைதான், குறை சொல்லலை. ஆனா "வரிக்குக் கணக்கு வேண்டாம்"ங்கிறதை நம்ம ஆளுங்க "கணக்கே வேண்டாம்"னு எடுத்துக்கிட்டாங்க. விளைவு? வண்டிக்கு எது எப்ப மாத்தினதுன்னு ஓனருக்கும் தெரியாது, மெக்கானிக்குக்கும் தெரியாது. மெக்கானிக் எதைப் பார்ப்பார்? எது கத்துதோ அதைப் பார்ப்பார். கத்தாம தேயுற சாமான்தான் ஆளைக் கொல்றது.

உதாரணம் பிரேக் ஆயில். அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும்னு தரக்கணக்கு. ஈரம் ஏறினதுக்கு அந்தக் கணக்கே 140 டிகிரிதான். சமதரையில ஓட்டுறப்ப ஒரு வித்தியாசமும் தெரியாது. லோடோட இறக்கத்துல திரும்பத் திரும்ப மிதிக்கிறப்ப ஆயில் கொதிச்சு ஆவியாகும். ஆவியை அழுத்தினா அமுங்கும், பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. அந்த நேரத்துல சாமியைக் கூப்பிடுறதைத் தவிர ஒண்ணும் பண்ண முடியாது.

பெங்களூர்ல இருந்து சேலம் பக்கம் ஓட்டுறவங்களுக்கு தொப்பூர் கணவாயைப் பத்தி நான் சொல்லணுமா? 2024 ஜனவரியில அங்க கட்டுப்பாடு இழந்த லாரியால நடந்த விபத்துல நாலு பேர் செத்தாங்க. அதுக்கு முன்னாடி 2020 டிசம்பர்லயும் ஒரு லாரி வரிசையா நின்ன வண்டிங்க மேல ஏறினது. இறக்கத்துல டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல விடாதீங்கன்னு போலீஸ் கத்திக் கத்திச் சொல்லியும் விடுறாங்க. எஞ்சின் பிரேக்கும் இல்லாம, கொதிச்ச பிரேக் ஆயிலும் சேர்ந்தா என்ன ஆகும்னு யோசிங்க. "என் வண்டி, என் இஷ்டம்"னு யாராவது சொன்னா, ஐயா, அந்த இறக்கத்துல உங்களுக்கு முன்னாடி போற கார்ல இருக்கிற குழந்தைக்கு உங்க இஷ்டம் தெரியாது.

பெங்களூருக்கே உரிய ரெண்டு ஏமாத்துக்காரங்க இருக்காங்க. ஒண்ணு குளிர். ஊர் கடல் மட்டத்துக்கு மேல 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்துல இருக்கு. அரை அடைச்ச ரேடியேட்டர் இந்தக் குளிர்ல சமாளிச்சுடும். ஒரு ஆம்பூர், வேலூர் லோடு மே மாசத்துல அடிச்சுப் பாருங்க, முள் சிவப்புக்குப் போகும். ரெண்டாவது டிராஃபிக். கிலோமீட்டரைப் பார்த்து ஆயில் மாத்துறோம். நெடுஞ்சாலையில மணிக்கு 50 போற வண்டி பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட 200 மணி நேரம் ஆகும். சில்க் போர்டுலயும் மார்க்கெட்லயும் மணிக்கு 15-ல ஊர்ற வண்டிக்கு அதே பத்தாயிரத்துக்கு 667 மணி நேரம் ஆகும். மீட்டர் ஒண்ணுதான் காட்டுது, எஞ்சின் மூணு மடங்கு உழைச்சிருக்கு. அதனாலதான் கம்பெனி புத்தகங்கள்ல கடினமான ஓட்டத்துக்குத் தனி அட்டவணை, சீக்கிரமே மாத்தச் சொல்லி. பெங்களூர் லோக்கல் ஓட்டம் கடினமான ஓட்டம்தான், சந்தேகமே வேண்டாம்.

"சார், என் மீட்டரே ஓடலை"ன்னு சொல்றவங்க நிறைய. கவலைப்படாதீங்க, டீசல் பில்லு இருக்குல்ல? மாசம் 200 லிட்டர் போட்டு, வண்டி லிட்டருக்கு 12 கொடுக்குதுன்னா 2,400 கிலோமீட்டர். அவ்வளவுதான். இதுக்கு பி.காம். கூட வேண்டாம் :-)

இப்ப ரெண்டாவது தரப்பு. "மூணு லட்சம் ஓடினதுக்கு எதுக்குச் செலவு, புதுசு எடுங்க." இதைச் சொல்றவங்க ஒரு கணக்கை மறைக்கிறாங்க. எட்டு லட்சம் கடன், பத்து சதவீத வட்டி, அஞ்சு வருஷம்னா தவணை கிட்டத்தட்ட 17,000. அது லோடு கிடைச்சாலும் கட்டணும், கிடைக்கலைன்னாலும் கட்டணும், ஐப்பசி மழையில வண்டி நின்னாலும் கட்டணும். பழைய வண்டிக்கு மாசம் 4,000 எடுத்து வைக்கிறதே கஷ்டம்னு சொல்றவரை 17,000 கட்டச் சொல்றது எந்த ஊர் நியாயம்? ரிப்பேருக்கு ஒதுக்கத் தெரியாதவர் கையில புது வண்டி கொடுத்தா அஞ்சே வருஷத்துல அதுவும் அதே பழைய வண்டிதான்.

எங்க ஜாதியையும் விட மாட்டேன். வண்டி வாங்க வர்றவரோட புராஜெக்ட் ரிப்போர்ட்ல "ரிப்பேர், பராமரிப்பு"ன்னு ஒரு வரி இருக்கும். அதுல ஏதோ ஒரு எண்ணைப் போட்டுத் தருவாங்க, நாங்களும் டிக் அடிப்போம். முதல் வருஷமும் அதே எண், அஞ்சாவது வருஷமும் அதே எண். வண்டி வயசாகுதுங்கிறதே அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. வண்டி வாங்கக் கடன் கொடுக்கிற நாம, ஓடுற வண்டியை ஓட வைக்கக் கடன் கேட்டு வந்தா பர்சனல் லோன் பக்கம் கையைக் காட்டுறோம். 2015-ல வந்த முத்ரா திட்டத்துல சிசு பிரிவு 50,000 ரூபாய் வரைக்கும், பிணை இல்லாம. நடைமுறை மூலதனத்துக்கும் கொடுக்கலாம். சொந்த வண்டி ஓட்டி சம்பாதிக்கிறவரோட பாக்கி வேலைகளை ஒரே மூச்சுல முடிக்க இதைவிடப் பொருத்தமான கடன் எது? அதை எடுத்துச் சொல்ல நமக்கு என்ன கேடு?

மூணாவது தரப்பு, எஃப்.சி. சரக்கு வண்டிக்கு எட்டு வயசு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம், அப்புறம் வருஷா வருஷம். 2022 ஏப்ரல்ல 15 வருஷம் தாண்டின வண்டிங்களுக்கு மத்திய அரசு கட்டணத்தைப் பல மடங்கு ஏத்தினாங்க. 2025 நவம்பர்ல பத்து வருஷத்துல இருந்தே கட்டணம் ஏறுற மாதிரி மறுபடி மாத்தினாங்க. சரி, கட்டணம் கூடினா பராமரிப்பு கூடுமா? கூடாது. அதே காசுல வாங்கியிருக்க வேண்டிய பிரேக் லைனிங்தான் குறையும். எஃப்.சி.க்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு ஊருக்கே தெரியும். பெயிண்ட், டிங்கரிங், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர். நல்ல டயரை நாலு நாளைக்கு இரவல் வாங்கி மாட்டிட்டு, வந்ததும் கழட்டிக் கொடுக்கிறது. பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு பக்கத்து வீட்டு நகையைப் போட்ட கதைதான். நகையில ஏமாந்தா மானம் போகும். டயர்ல ஏமாத்தினா உயிர் போகும்.

ஆயுத பூஜையையும் சொல்லிடறேன். பக்திக்கு நான் எதிரி இல்லை, என் ஸ்கூட்டருக்கும் பொட்டு உண்டு. இந்த ஊர்ல அன்னிக்கு வண்டிக்கு வாழைக்கன்னு, மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், நடுரோட்டுல பூசணிக்காய். அந்தப் பூசணிக்காய்ல வழுக்கி விழுற டூவீலர்காரன் தனிக்கதை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிற நேரத்துல, அந்த நாலு சக்கரத்தையும் ஒருதரம் கழட்டி உள்ள லைனிங் எவ்வளவு இருக்குன்னு பார்த்தா சாமி கோவிச்சுக்குமா? ஆயுதத்தைப் பூஜை பண்றதுன்னா ஆயுதத்தைத் தீட்டி வைக்கிறதும்தானே!

சும்மா திட்டிட்டுப் போனா போதாது, வழி சொல்லணும். தெரிஞ்ச மெக்கானிக்குங்க, ஓடி ஓடித் தேறின ஓனருங்ககிட்ட கேட்டு, என் கணக்குப் புத்தியையும் சேர்த்து எழுதுறேன்.

முதல் வேலை, ஒரு நோட்டு. தேதி, கிலோமீட்டர், என்ன மாத்தினது, எவ்வளவு. பழைய விவரம் ஞாபகம் இல்லையா? "மாத்தலை"ன்னே எழுதுங்க. தெரியாததை நல்லதுன்னு நினைக்காதீங்க. பேங்க்லயும் ரசீது இல்லாத தவணையைக் கட்டினதா எடுத்துக்க மாட்டோம்.

அடுத்து, ஒருநாள் வண்டியை ஏத்தி நிறுத்தி முழுசா பார்க்கச் சொல்லுங்க. பார்க்கிறதுக்கு மட்டும் காசு கொடுங்க, ரிப்பேரை அன்னிக்கே ஆரம்பிக்க வேண்டாம். வர்ற பட்டியலைப் பார்த்து மலைச்சுப் போகாதீங்க. அதை நாலாப் பிரிங்க.

1. நிறுத்துறதும் திருப்புறதும்: பிரேக் லைனிங், வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில், ஸ்டியரிங், டை ராட் எண்ட், வீல் பேரிங், டயர், ஸ்பிரிங் பட்டையில விரிசல். இதுல பேரம் கிடையாது. இது முடியிற வரைக்கும் இறக்கத்துல லோடு கிடையாது.

2. எஞ்சினைக் கொல்றது: ரேடியேட்டர், ஹோஸ், தெர்மோஸ்டாட், ஃபேன் பெல்ட், கூலன்ட், எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர். டைமிங் பெல்ட் இருக்கிற எஞ்சினா, செயினா, கியரான்னு புத்தகத்துல பார்த்துக்குங்க. பெல்ட்னா சொன்ன கிலோமீட்டர்ல மாத்தியே ஆகணும். அது அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போகலாம்.

3. நடுவழியில நிறுத்துறது: கிளட்ச், பேட்டரி, டைனமோ, செல்ஃப், டீசல் ஃபில்டர், கிராஸ், கியர் ஆயில், கிரவுன் ஆயில்.

4. அழகு: பெயிண்ட், சீட்டு, கேபின் லைட்டு, பாட்டுப்பொட்டி.

நம்ம ஊர்ல செலவு பண்ற வரிசை 4, 3, 2, 1. தலைகீழா மாத்துங்க, அவ்வளவுதான் மொத்த ரகசியமும்.

காசு? ஒரு உதாரணக் கணக்கு, உங்க வண்டிக்கு எண்கள் மாறும். முதல் பட்டியல் 35,000, ரெண்டாவது 25,000, மூணாவது 40,000. மொத்தம் ஒரு லட்சம். ஒரே நாள்ல வேண்டாம். முதல் பட்டியல் இந்த மாசம், ரெண்டாவது ரெண்டு மாசம் கழிச்சு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி முடியுற மாதிரி. மூணாவது ஆறாவது மாசத்துல, லோடு குறைவான வாரமாப் பார்த்து. வண்டியை நீங்களே தேதி குறிச்சு நிறுத்தினா ரெண்டு நாள். அதுவா நின்னா ரெண்டு வாரம், கூடவே கட்டி இழுக்கிற கூலி, ஏத்தின தக்காளி அழுகின நஷ்டம், போன வியாபாரியோட நம்பிக்கை.

எஞ்சின் சீஸ் ஆனா இன்ஷூரன்ஸ் தரும்னு நினைக்கிறவங்களுக்கு: சாதாரண மோட்டார் பாலிசியில தேய்மானமும், தானா வந்த மெக்கானிக்கல் கோளாறும் சேராது. எஃப்.சி. காலாவதியான வண்டின்னா விபத்து க்ளெய்முக்கே தகராறு வரும்.

பாக்கியை அடைச்ச பிறகு, மாசா மாசம் ஒதுக்குறது. பழைய தவணையில கால்வாசி. 17,000 கட்டிப் பழகின கைக்கு 4,250 பெருசா? அதை ஒரு ஆர்.டி.யாப் போட்டு ஆயுத பூஜைக்கு முந்தின மாசம் முதிர்ச்சி ஆகுற மாதிரி வையுங்க. வருஷத்துக்கு 51,000, வட்டி தனி. பூஜைக்கு முன்னாடி வண்டிக்கு அபிஷேகம் ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ்ல நடக்கட்டும்.

சாமான் வாங்குறப்ப ஒரு கோடு போட்டுக்குங்க. சிவாஜிநகர் குஜ்ரியில கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம், பம்பர், சீட்டு வாங்கலாம். பிரேக் சாமானும் ஸ்டியரிங் சாமானும் பழசு வாங்கவே கூடாது, பில் இல்லாம புதுசும் வாங்கக் கூடாது.

பழைய வண்டி எல்லாம் காலத்துக்கும் ஓடட்டும்னு நான் சொல்லலை. விடவேண்டிய இடம் ஒண்ணு உண்டு. சேசிஸ்ல ஸ்பிரிங் பிடிக்கிற இடத்துல விரிசலோ, துரு தின்னு ஓட்டையோ விழுந்தா வெல்டிங் வச்சு ஏமாத்திக்காதீங்க. பாக்கி எல்லாம் தீர்த்த பிறகும் ஒரு வருஷ ரிப்பேர் செலவு புது வண்டியோட ஒரு வருஷத் தவணையைத் தொட்டாலும் விடை கொடுத்துடுங்க. 2021-ல வந்த பழைய வண்டிக் கொள்கைப்படி பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துல கொடுத்தா ஒரு சான்றிதழ் தருவாங்க. அதை வச்சுப் புது சரக்கு வண்டிக்கு 15 சதவீதம் வரைக்கும் சாலை வரிச் சலுகைக்கு மத்திய விதியில இடமிருக்கு. அப்படிப் போறது மரியாதையான முடிவு. ஆனா அந்த முடிவை வண்டியோட உடம்பு சொல்லணும். பிறந்த தேதி மட்டும் சொல்லக் கூடாது. ஒழுங்காப் பார்த்த பதினாலு வயசு வண்டி, பார்க்காத ஆறு வயசு வண்டியைவிட ரோட்டுக்கு நல்லது.

கடைசியா ஒண்ணு கேட்டு முடிச்சுக்கிறேன். அஞ்சாம் தேதி ஆனா தவணைக்குப் பணம் அக்கவுண்ட்ல இருக்கணும்னு ராத்திரி தூங்காம ஏற்பாடு பண்றீங்க. எங்க போனுக்கு அவ்வளவு பயம். உங்களைச் சுமந்து, லோடைச் சுமந்து, வீட்டைச் சுமந்து ஓடுற வண்டிக்கு எத்தனாம் தேதி வச்சிருக்கீங்க? ஆறாம் தேதியாவது வையுங்க.

டிஸ்கி: விலையெல்லாம் உதாரணத்துக்குத்தான். நான் பேங்க்காரன், மெக்கானிக் இல்லை. பிரேக்ல சந்தேகம்னா என் பதிவைப் படிக்காம நேரா செட்டுக்குப் போங்க.